யார் சார் அந்த ‘சர்’?

ஒரு ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஆயுசு எத்தனை நாள் தெரியுமா உங்களுக்கு? எங்க ஏரியா கணக்குப்படி பதினாறு. ஊர்ல ஒரு முன்னாள் கவுன்சிலரோ, சேர்மனோ, யூனியன் மெம்பரோ காலமாகிவிட்டால், பொழுது விடிவதற்குள் பஸ் ஸ்டாண்டு முக்கில் ‘கண்ணீர் அஞ்சலி’ முளைத்துவிடும். நடுவில் மறைந்தவர். சுற்றி வட்ட வட்டமாக அஞ்சலி செலுத்துபவர்கள். சில பேனர்களில் செத்தவரைவிட இருக்கிறவர் படம் பெரிசாக இருக்கும்! காரியம் முடிந்ததும் அந்த ஃப்ளெக்ஸ் நேராகப் போவது வயக்காட்டுக்கு. மழை வந்தால் நெல் குவியலை மூட, வைக்கோல் போருக்குத் தொப்பி போட, மாட்டுக் கொட்டகையில் சாரல் அடிக்காமல் கட்ட... அதைவிட உருப்படியான சரக்கு டெல்டாவில் கிடையாது. அறுவடை சீசனில் இந்தப் பக்கம் வந்தால் பாருங்கள். தலைவர்கள் பலர் குப்புறப் படுத்து நெல்லைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பேர் மட்டும் இன்னும் இறங்கவே இல்லை. ஃப்ளெக்ஸில் இல்லை, பள்ளிக்கூட போர்டில். ‘சர் சிவசாமி ஐயர் மேல்நிலைப் பள்ளி.’ இந்தப் பெயரை ஹால் டிக்கெட்டில் எழுதியவர்கள், டி.சி.யில் வாங்கியவர்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர். அவர்களில் யாரையாவது நிறுத்தி, “யாருங்க அந்த சர்?” என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் “பெரிய வக்கீலாம்” என்பார்கள். மீதிப் பேர், “ஸ்கூல் கட்டுனவருப்பா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். குறை சொல்லவில்லை. நானும் அந்த ‘மீதி’யில் ஒருத்தன்தான், போன மாசம் வரைக்கும்.

போன மாசம் என்ன ஆச்சு? ஹாஸ்டலில் என் ரூம்மேட் சி.டி.எஸ். பரீட்சைக்குத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறான். இந்திய ராணுவத்தில் ஆபீஸர் ஆகணும் என்பது அவன் கனவு. நள்ளிரவு ஒரு மணிக்கு ஜி.கே. கேள்வி கேட்டு உயிரை வாங்குவான். டேராடூன் ராணுவ அகாடமி எப்ப ஆரம்பிச்சது? 1932. எந்தக் கமிட்டி சொல்லி? செட்வுட் கமிட்டி, 1931. மெம்பர்கள் யார் யாரு? அந்த லிஸ்ட்டில் ஒரு பேர் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. சர் பி.எஸ்.சிவசாமி ஐயர்.

நம்ம ஸ்கூல் போர்டு ஆளா?!

அவரேதான். அந்த இன்ஷியலில் இருக்கிற ‘பி’ என்ன தெரியுமா? பழமார்நேரி. திருக்காட்டுப்பள்ளியில் இருந்து சைக்கிள் மிதித்தால் வேர்ப்பதற்குள் வந்துவிடும் ஊர். ‘எஸ்’ அவருடைய அப்பா சுந்தரம்.

ஊர் தெரியாதவர்களுக்குச் சின்ன மேப். கல்லணை தாண்டிக் காவிரி கிழக்கே வரும்போது, திருக்காட்டுப்பள்ளியில் அதில் இருந்து குடமுருட்டி பிரிகிறது. அப்பரும் சம்பந்தரும் பாடிய அக்னீஸ்வரர் கோயில் ஊருக்குள் இருக்கிறது. ஒரு பேரூராட்சி, பஸ் ஸ்டாண்டு, சுற்றிலும் நெல்லும் வாழையும். மேட்டூரில் தண்ணி திறந்தால் முகம் மலரும், திறக்காவிட்டால் டீக்கடையில் சண்டை நடக்கும். அவ்வளவுதான் எங்கள் உலகம். இந்த உலகத்தில் இருந்து 1864 பிப்ரவரி 7-ல் பிறந்த ஒருவர், அந்தக் காலத்தில் எங்கெங்கே போய் உட்கார்ந்தார் என்று பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது.

தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் மிஷன் பள்ளியில் படிப்பு. அப்புறம் காலேஜ், சட்டம், சென்னையில் வக்கீல் தொழில். சட்டக் கல்லூரியில் சில வருஷம் பாடமும் எடுத்தார். ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ பத்திரிகைக்கு 1893-ல் இருந்து பதினாலு வருஷம் இணை ஆசிரியர். 1904-ல் சென்னை சட்டசபை உறுப்பினர், 1907-ல் அட்வகேட் ஜெனரல், 1912-ல் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர். 1915-ல் ‘சர்’. 1916-ல் இருந்து இரண்டு வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அடுத்து ஒரு வருஷம் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். காசியில் இவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் மதன்மோகன் மாளவியா.

மூச்சு வாங்குதா? எனக்கும்தான். ஆனால் பாஸ், இந்தப் பதவி லிஸ்ட்டை வைத்து ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கலாமே தவிர ஒரு மனுஷனைத் தெரிந்துகொள்ள முடியாது. இவரைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க எனக்குள் ஒரு சண்டையே நடந்தது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

வெள்ளைக்காரன் ஆளா இவர்?

சிவசாமி ஐயர் ஜெயிலுக்குப் போகவில்லை. உப்புக் காய்ச்சவில்லை. வெள்ளைக்கார அரசாங்கத்தில் பெரிய பதவி பார்த்தார், பட்டம் வாங்கினார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேராத ‘மிதவாதி’ கோஷ்டி. நம்ம பாடப் புத்தகத்தில் மிதவாதி என்றாலே ஒரு பாராவில் முடித்துவிடுவார்கள் இல்லையா? ஹீரோ என்ட்ரிக்கு முன்னால் வந்து போகிற கேரக்டர் மாதிரி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினேன். 1919 டிசம்பரில் மாட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாக். அதற்கப்புறம் பஞ்சாபில் ராணுவச் சட்டம். டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய மிதவாதிகள் மாநாட்டுக்குத் தலைவர் நம்ம பழமார்நேரிக்காரர். நாலு வருஷம் முன்னால்தான் ‘சர்’ பட்டம் வாங்கியவர். வழவழா கொழகொழா என்று பேசியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மேடையில் நின்று அவர் போட்டது ஒரு வக்கீலின் குற்றப்பத்திரிகை. கலைந்து போக அவகாசம் தராமல் நிராயுதபாணிகளைச் சுட்டது, பொது இடத்தில் கசையடி கொடுத்தது என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அந்தப் பட்டியலில் ஒரு ஐட்டம் நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. லாகூரில் மாணவர்களை அட்டெண்டன்ஸ் போடுவதற்காகத் தினம் பதினாறு மைல் வரை நடக்கவிட்டார்கள்!

பதினாறு மைல் என்றால் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். திருக்காட்டுப்பள்ளியில் இருந்து தஞ்சாவூருக்கு நடந்து போகிற மாதிரி. தினமும். மே மாத வெயிலில், ராணுவ ஆபீசர் முன்னால் போய் “உள்ளேன் ஐயா” சொல்வதற்காக. 75 சதவிகிதம் அட்டெண்டன்ஸுக்கே நாமெல்லாம் ஒப்பாரி வைக்கிற ஆட்கள். பஞ்சாபில் நடந்ததை வெளியே சொல்லவே பலர் பயந்த நேரத்தில், அரசாங்கத்திடம் பட்டம் வாங்கிய ஒருவர் தலைமையுரையில் இதையெல்லாம் பதிவு பண்ணினார். ‘சர்’ பேசியது என்பதால் அதைச் சுலபத்தில் ஒதுக்கவும் முடியவில்லை. பின்னால் பலரும் அந்தப் பேச்சை மேற்கோள் காட்டினார்கள்.

சரி, ஒரு பாயின்ட் இவருக்கு.

அடுத்த பாயின்ட்டில் எனக்கு மறுபடியும் சண்டை. 1920 கடைசியில் டில்லி மத்திய சட்டசபைக்குத் தேர்தல். தஞ்சாவூரும் திருச்சியும் சேர்ந்த தொகுதியில் இருந்து இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். எங்க ஊர் ஆளு எங்க ஊர்த் தொகுதிக்கே எம்.எல்.ஏ. மாதிரி, சூப்பர் இல்லையா? ஆனால் ஓட்டுப் போட்டது யார் என்று பாருங்கள். காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது. அதைவிட முக்கியம், அந்தச் சபைக்கு ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்கள் மொத்த பிரிட்டிஷ் இந்தியாவிலும் சுமார் 9 லட்சம் பேர்தான். ஜனத்தொகையோ 24 கோடிக்கு மேலே! வரி கட்டுகிற, சொத்து வைத்திருக்கிற ஆண்களுக்குத்தான் ஓட்டு. அதாவது பழமார்நேரி வயலில் நாத்து நட்ட பெண்ணுக்கு ஓட்டு இல்லை. ஏர் ஓட்டிய பண்ணையாளுக்கு ஓட்டு இல்லை. அவர்களுடைய பேரனும் பேத்தியும் இன்றைக்கு வார்டு மெம்பராக நிற்கிற அதே ஊரில்!

இதை மறந்துவிட்டு ‘மக்கள் பிரதிநிதி’ என்று சிவசாமி ஐயருக்கு மாலை போட எனக்கு மனசு வரவில்லை. அதே நேரம், இதை மட்டுமே சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகவும் முடியவில்லை. காரணம், அந்த 9 லட்சம் பேர் ஓட்டில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன பேசினார் என்பது.

ஒரு சல்யூட்டின் கதை

இங்கேதான் என் ரூம்மேட் சம்பந்தப்படுகிறான். கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், இது முக்கியமான இடம்.

முதல் உலகப் போரில் இந்தியாவில் இருந்து கடல் தாண்டிப் போனவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். பிரான்ஸ், மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று போய் சண்டை போட்டார்கள், செத்தார்கள். ஆனால் போர் முக்கால்வாசி முடிகிற வரைக்கும், இந்தியப் படையில் ஒரு இந்தியன் முழு ஆபீசராக ஆக முடியாது. ‘கிங்ஸ் கமிஷன்’ என்கிற அந்தஸ்து வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். இந்தியன் ஏறக்கூடிய கடைசிப் படி சுபேதார் மேஜர். முப்பது வருஷம் சர்வீஸ், நெஞ்சு நிறைய மெடல், எத்தனையோ சண்டை பார்த்த சுபேதார் மேஜர், நேற்று கப்பலில் வந்திறங்கிய இருபது வயசு வெள்ளைக்கார லெப்டினென்டுக்குக் கீழேதான். சல்யூட் அடிக்க வேண்டியது நம்மவர்.

இப்படி யோசித்துப் பாருங்கள். இந்த ரூட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டின டிரைவர். குடமுருட்டிப் பாலத்துத் திருப்பம் கண்ணை மூடினால்கூடத் தெரியும். அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, போன வாரம் லைசென்ஸ் எடுத்த பையனிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தால்?

1918-ல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் வருஷத்துக்குப் பத்து இடம் இந்தியர்களுக்கு என்று கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்கள். பத்தே பத்து. கப்பல் ஏறிப் போய், அந்தக் குளிரில், அந்தச் செலவில் படிக்க வேண்டும். ராஜாக்கள், ஜமீன் வீட்டுப் பிள்ளைகளைத் தவிர யாரால் முடியும்?

இன்னொரு பக்கம் பணம். அந்தக் காலத்தில் மத்திய அரசாங்கச் செலவில் கிட்டத்தட்ட பாதி ராணுவத்துக்கே போய்க்கொண்டிருந்தது. பணம் எங்களது, ஆள் எங்களது, முடிவு மட்டும் லண்டனில் என்றால் என்ன நியாயம் என்பதுதான் கேள்வி. அந்த நேரம் பார்த்து ‘எஷர் கமிட்டி’ என்று ஒன்று அறிக்கை கொடுத்தது. இந்தியப் படையை சாம்ராஜ்ஜியத்தின் மொத்தப் படையில் ஒரு பகுதியாக நினைத்து எழுதப்பட்ட அறிக்கை. அதாவது, எங்கே சண்டை என்றாலும் இழுத்துக்கொண்டு போகலாம்.

தேஜ் பகதூர் சப்ரு தலைமையில் சபைக் குழு ஒன்று அதை அலசியது. 1921 மார்ச்சில் சபையில் எழுந்து நின்று வரிசையாகத் தீர்மானங்களைக் கொண்டுவந்தவர் சிவசாமி ஐயர். ஒன்றில்லை, இரண்டில்லை... பதினைந்து! இந்தியப் படை இருப்பது இந்தியாவைப் பாதுகாக்கத்தான். ஆபீசர் பதவிகளில் முதல் கட்டமாக நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் குறையாமல் இந்தியர்களுக்கு வேண்டும். சாண்ட்ஹர்ஸ்ட் மாதிரி ஒரு கல்லூரி இந்திய மண்ணிலேயே வேண்டும். இந்த ரீதியில் போனது.

வயது 57. துப்பாக்கி பிடித்த ஆள் இல்லை. படித்தது சமஸ்கிருதமும் சட்டமும். எங்கே போய் ராணுவத்தில் மூக்கை நுழைத்தார் என்று நினைக்கிறீர்களா? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. பதில் ரொம்ப சிம்பிள். சுயாட்சி கேட்டால் வெள்ளைக்காரர்களின் முதல் கேள்வி, “உங்க நாட்டை நீங்களே காப்பாத்திக்க முடியுமா?” என்பதுதான். முடியாமல் வைத்திருப்பதும் அவர்களேதான்! அந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதையே அவிழ்க்கப் பார்த்தார் இவர். கோஷம் போடுகிறவர்கள் பக்கம் கேமரா போகும். பட்ஜெட் புத்தகத்தையும் கமிட்டி அறிக்கையையும் வரி வரியாகப் படிக்கிறவர் பக்கம் போகாது. நம்ம கிளாஸிலும் அதே கதைதானே?

தீர்மானங்கள் சபையில் ஏறின. ஆனால் லண்டன் அசையவில்லை. 1923-ல் ஒரு தந்திரம் பண்ணினார்கள். எட்டே எட்டுப் படைப்பிரிவுகளைத் தனியாகப் பிரித்து, இந்திய ஆபீசர்கள் அங்கே மட்டும் என்றார்கள். வெள்ளைக்காரன் யாரும் இந்தியனுக்குக் கீழே வேலை பார்க்கும் நிலைமை வந்துவிடக் கூடாதாம். ஹாஸ்டலில் ராகிங் தாங்காமல் ஃபர்ஸ்ட் இயருக்குத் தனி பிளாக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. என்ன, இங்கே ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள் அந்த வீட்டுக்கே சொந்தக்காரர்கள்.

அதே 1923-ல் தேர்தல். சுயராஜ்யக் கட்சி இந்த முறை களத்தில் குதித்தது. மிதவாதிகளின் காலம் முடிந்தது. தஞ்சாவூர் - திருச்சி தொகுதி சுயராஜ்யக் கட்சியின் ஏ.ரங்கசாமி ஐயங்கார் கைக்குப் போனது. பின்னால் ‘இந்து’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தாரே, அவர்தான். சிவசாமி ஐயர் மறுபடி சபைக்குள் வந்தது நியமன உறுப்பினராக, 1924-ல் இருந்து 1926 வரை. ஜனங்களின் ஓட்டு இல்லாமல், அரசாங்கம் கொடுத்த நாற்காலியில். அவருடைய இடத்தில் நான் இருந்தால் போயிருப்பேனா என்று யோசித்தேன். தெரியவில்லை. ரோஷம் பெரிசா, பாதியில் நிற்கிற வேலை பெரிசா?

அவர் வேலையைத்தான் பெரிசாக நினைத்தார் போல. 1931-ல் ராணுவத் தளபதி செட்வுட் தலைமையில் இந்திய ராணுவக் கல்லூரிக்கான கமிட்டி அமைந்தபோது, 67 வயசில் அதிலும் போய் உட்கார்ந்தார். எதற்கும் தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரவில்லை. பெரும்பான்மை முடிவுகளில் உடன்படாத இடங்களுக்கு, மேஜர் ஜெனரல் ராஜ்வாடே என்கிற இன்னொரு உறுப்பினருடன் சேர்ந்து தனியாக மாற்றுக் கருத்து எழுதி, அறிக்கையோடு இணைக்க வைத்தார்.

1932 அக்டோபரில் டேராடூனில் முதல் கோர்ஸ் ஆரம்பம். டிசம்பர் 10-ல் முறைப்படி திறப்பு விழா. முதல் செட்டில் நாற்பது பேர். அந்த நாற்பதில் ஒருத்தர் சாம் மானெக்‌ஷா. ஆமாம், 1971 போரில் நம் படைத் தளபதி, பின்னால் ஃபீல்டு மார்ஷல், கடைசிக் காலத்தில் நம்ம ஊட்டிப் பக்கம் வெலிங்டனில் 2008-ல் மறைந்தாரே, அவர்தான்! அதே செட்டில் இருந்த ஸ்மித் டன் பர்மா ராணுவத்துக்கும், முகமது மூசா பாகிஸ்தான் ராணுவத்துக்கும் தளபதி ஆனார்கள். ஒரே கிளாஸ், மூணு நாட்டுத் தளபதிகள். ரீயூனியன் வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

இதெல்லாம் தனி ஒருவரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. மோதிலால் நேரு, ஜின்னா, சப்ரு என்று எத்தனையோ பேர் இதற்காகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் 1921-ல் இருந்து 1931 வரை இந்த ஒரே நூலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் குடமுருட்டித் தண்ணி குடித்தவர் ஒருவர் உண்டு. அது எங்களுக்கே தெரியாது.

ஜெனிவாவில் பழமார்நேரி

நடுவில் ஒரு வெளிநாட்டு ட்ரிப் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் கிரிக்கெட் ரசிகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1922-ல் ஜெனிவாவில் சர்வதேச சங்கத்தின் மூன்றாவது கூட்டம். இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடி அது. இந்தியா சார்பில் போன மூன்று பேர்: முன்னாள் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு, நவாநகர் ஜாம் சாஹேப், சிவசாமி ஐயர். இதில் ஜாம் சாஹேப் யார் என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். ரஞ்சித் சிங்ஜி! ‘ரஞ்சி டிராபி’ இவர் பெயரில்தான் நடக்கிறது. கிரிக்கெட்டின் ராஜாவும் பழமார்நேரி வக்கீலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். இடைவேளையில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தே ஒரு பஸ் பயணத்தை ஓட்டிவிட்டேன்.

ஜெனிவாவில் இருந்து நேராகப் பள்ளிக்கூட போர்டுக்கு வருவோம். என்னை ரொம்பத் தொட்ட விஷயம் அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு பெரிய ஆள், கடைசிக் காலத்தில் கவனம் வைத்தது இரண்டு பள்ளிக்கூடங்கள் மேல். ஒன்று சென்னை மயிலாப்பூரில் பெண்கள் பள்ளி. 1869-ல் விஜயநகரம் மகாராஜா ஆரம்பித்து, பின்னால் ‘நேஷனல் கேர்ள்ஸ் ஸ்கூல்’ ஆகி, இன்று ‘லேடி சிவசாமி ஐயர் பெண்கள் மேல்நிலைப் பள்ளி’ என்று நடக்கிறதே, அது. அங்கே மனைவி பேர். இன்னொன்று எங்க திருக்காட்டுப்பள்ளி. சம்பாதித்த பணத்தை இந்த இரண்டுக்கும் கொடுத்தார். மயிலாப்பூர் ஓகே, அவர் குடியிருந்த ஏரியா. அங்கே ஒரு சாலைக்கே சிவசாமி சாலை என்று பேர். திருக்காட்டுப்பள்ளி எதற்கு?

அவர் சின்னப் பையனாக இருந்தபோது மேலே படிக்க வேண்டும் என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும். தஞ்சாவூரில் வீடு எடுத்துத் தங்க, சாப்பாடு போட வசதி வேண்டும். வக்கீல் வீட்டுப் பிள்ளை, போக முடிந்தது. முடியாதவர்கள்? ஆற்றங்கரையோடு அவர்கள் படிப்பு நின்றிருக்கும். மேலே நான் சண்டை போட்டேனே, ஓட்டு இல்லாத பண்ணையாள் பற்றி? 1920-ல் அந்தக் குடும்பங்களுக்கு வாக்குச்சாவடிக் கதவு மூடியிருந்தது. பின்னாளில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தோளில் பையை மாட்டிக்கொண்டு நுழைந்த கதவுகளில் ஒன்றுக்கு மேலே இவர் பேர் இருக்கிறது. அந்தக் குடும்பங்களை நினைத்துத்தான் அவர் பணம் கொடுத்தாரா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கிறேன், கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பேரிலேயே ‘பள்ளி’ இருக்கிறதே, அதனால்தான் ஸ்கூல் வந்ததோ என்று ஜூனியர் பையன் ஒருத்தன் கேட்டான். இல்லை ராஜா, அந்தப் ‘பள்ளி’ தேவாரக் காலத்துப் பழசு. போர்டில் இருக்கிற பள்ளிதான் இவர் சம்பந்தப்பட்டது.

கடைசி வரை எழுத்தும் பேச்சும் நிற்கவில்லை. 1928-ல் இந்திய அரசியலமைப்புச் சிக்கல்கள் பற்றி ஒரு புத்தகம். 1935-ல் இந்து ஒழுக்கக் கருத்துகள் எப்படிக் காலத்துக்குக் காலம் மாறி வளர்ந்தன என்று கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகள் புத்தகமாக வந்தன. இரண்டும் ஆங்கிலம். முதல் புத்தகத்தை முப்பது பக்கம் தாண்ட எனக்கு ஒரு வாரம் ஆச்சு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது!

1946 நவம்பர் 5. எண்பத்திரண்டு வயசில் காலமானார். சுதந்திரம் வர இன்னும் ஒன்பது மாசம் பத்து நாள்தான் பாக்கி. 1949 ஜனவரி 15-ல் கரியப்பா இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பு ஏற்றதையும் அவர் பார்க்கவில்லை. வருஷா வருஷம் ராணுவ தினம் கொண்டாடுகிறோமே, அது அந்த நாள்தான். 25 சதவிகிதம் கேட்டு 1921-ல் எழுந்து நின்றவருக்கு, நூற்றுக்கு நூறு வந்தபோது ஆள் இல்லை.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் தூத்துக்குடிக்காரன். திருக்காட்டுப்பள்ளி மேப்பில் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கைடு புத்தகத்தை எடுத்து, கமிட்டி மெம்பர்கள் லிஸ்ட்டில் அந்தப் பேருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘பழமார்நேரி’ என்று எழுதிக்கொண்டான். ஸ்பெல்லிங் கேட்டுத்தான் எழுதினான்.

இந்த வாரம் லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு முக்கில் புதுசாக ஒரு கண்ணீர் அஞ்சலி. மறைந்தவர் யார் என்று விசாரித்தேன். ஒரு காலத்தில் வார்டு மெம்பராக இருந்தாராம். தெருக்குழாய் வரவழைத்ததும், ராத்திரி ரெண்டு மணிக்கு பிரசவத்துக்குக் கார் பிடித்துக் கொடுத்ததும் இரண்டு பாட்டிகள் சொல்லித்தான் தெரிந்தது. ஃப்ளெக்ஸில் அது ஒரு வரிகூட இல்லை. பதவியும் வருஷமும் மட்டும் இருந்தது. இன்னும் பதினோரு நாள் இருக்கிறது அதற்கு. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பாட்டிகளிடம் மறுபடி போகிறேன்.